சாவி வெளியே வராத பெட்டி: கிரிப்டோ வாலட்டைக் கம்ப்யூட்டரில் பாதுகாப்பாக இணைக்கும் முறை

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு பிள்ளையாவது டெக்னோபார்க்கிலோ, பெங்களூரிலோ, வளைகுடா நாடுகளிலோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வரும்போது அவர்கள் கொண்டுவரும் சாமான்களில் பென் டிரைவ் போன்ற சிறு கருவி ஒன்றையும் இப்போது சில வீடுகளில் காணலாம். "இதைப் பீரோவில் பத்திரமாக வையுங்கள் அப்பா, இந்தச் சீட்டை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதன் பெயர் ஹார்டுவேர் வாலட். அது என்ன, அதைக் கம்ப்யூட்டரில் எப்படி இணைக்க வேண்டும், எங்கே ஏமாற வாய்ப்பு உண்டு என்பதைப் பெரியவர்களும் புரிந்துகொள்ளும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கிரிப்டோ நாணயம் வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அது ரூபாயைப் போலச் சட்டப்படியான செலாவணி அல்ல. அதன் விலை ஒரே நாளில் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி 2022-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வந்தது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் விற்றால் 1 சதவீதம் பிடித்தம் செய்வதும் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதையெல்லாம் அறிந்தே ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கும், அவர்களுடைய கருவியைக் காவல் காக்கும் பெற்றோர்களுக்கும் இந்தப் பாடம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பலரும் நினைப்பதுபோல் அந்தக் கருவிக்குள் நாணயம் எதுவும் இல்லை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்குப் புத்தகம் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரிப் பிரதிகளாக இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து பணத்தை நகர்த்தக் கையெழுத்துப் போன்ற ஒன்று தேவை. அந்தக் கையெழுத்தை உண்டாக்கும் மிகப் பெரிய எண்ணுக்கு ரகசியச் சாவி என்று பெயர். கருவிக்குள் இருப்பது அந்தச் சாவி மட்டுமே.

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். முத்திரைக் கட்டை பூட்டிய அறைக்குள் இருக்கிறது. அறைக்குச் சிறு ஜன்னல் மட்டும் உண்டு. முத்திரை வேண்டிய தாளை ஜன்னல் வழியாக நீட்டுகிறோம். உள்ளே இருப்பவர் படித்துப் பார்த்து, சம்மதமானால் முத்திரை குத்தித் திருப்பித் தருகிறார். தாள் போகிறது, வருகிறது. முத்திரைக் கட்டை மட்டும் ஒருபோதும் வெளியே வருவதில்லை. ஹார்டுவேர் வாலட்டின் தத்துவம் இதுவே. கம்ப்யூட்டர் 'இன்னாருக்கு இவ்வளவு அனுப்பு' என்ற தாளை நீட்டுகிறது. கருவி தன் திரையில் அதைக் காட்டுகிறது. நாம் பொத்தானை அழுத்தினால் உள்ளேயே கையெழுத்திட்டுத் தாளைத் திருப்பித் தருகிறது.

இது முற்றிலும் புதிய ஏற்பாடும் அல்ல. ரயில்வே முதலிய துறைகளில் ஈ-டெண்டர் போடும் கான்ட்ராக்டர்களிடம் டிஜிட்டல் கையெழுத்துக்கான யு.எஸ்.பி. டோக்கன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் சாவி உள்ளேயே இருக்கும். ஆனால் அந்த டோக்கனில் பொதுவாகத் திரை கிடையாது. எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைக் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்க்க முடியும். கிரிப்டோ வாலட்டுக்கு என்று தனியாக ஒரு திரை இருக்கிறது. அந்தத் திரை ஏன் வைக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

செக் நாட்டின் பிராக் நகரத்தில் உருவான ட்ரெஸர் என்ற கருவி 2014-இல் விற்பனைக்கு வந்தது. பிரான்ஸ் நாட்டின் லெட்ஜர் நிறுவனமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. நம்மவர்களிடம் பெரும்பாலும் இருப்பவை இந்த இரண்டும்தான். இதை வடிவமைத்தவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டார்கள்: வாலட் இணைக்கப்படும் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சுத்தமான கம்ப்யூட்டரில்தான் இது பாதுகாப்பு என்றால் இந்தக் கருவியே தேவையில்லையே!

மீட்புச் சொற்கள்

கருவியை முதல்முறை இயக்கும்போது அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தன் திரையில் காட்டும். (சில புதிய கருவிகள் 20 சொற்களும் தரும்.) இவை மீட்புச் சொற்கள். 2013-இல் வகுக்கப்பட்ட பொது முறைப்படி 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து இவை எடுக்கப்படுகின்றன. முதல் 4 எழுத்துக்களைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரியும்படி அந்தப் பட்டியல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்ச் சொற்பட்டியல் அந்த முறையில் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதே வழி. சொற்களின் வரிசை மிக முக்கியம். 1 முதல் 24 வரை எண் போட்டு எழுத வேண்டும்.

கருவி உடைந்தாலும், தொலைந்தாலும், துலா மாத இடியில் கம்ப்யூட்டரோடு சேர்ந்து பழுதானாலும் கவலையில்லை. புதிய கருவி வாங்கி இதே சொற்களைப் பதித்தால் பழைய கணக்கு முழுவதும் திரும்பக் கிடைக்கும். அதே காரணத்தால், அந்தச் சொற்களை வேறொருவர் பார்த்துவிட்டால் உங்கள் கருவி பீரோவில் இருக்கும்போதே பணம் போய்விடும். 12 சொற்களை ஊகித்துக் கண்டுபிடிப்பது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாத காரியம். சீட்டைப் பார்த்தவனுக்கு ஒரு நிமிடம் போதும்.

ஆகவே சட்டம் ஒன்றே: அந்தச் சொற்களைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யக் கூடாது. செல்போனில் படம் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பக் கூடாது. ஜெராக்ஸ் கடையில் கொடுக்கக் கூடாது. கருவி வாங்கும்போதே, சொற்களைக் கருவியின் திரையிலேயே பதிக்கும் மாதிரியைப் பார்த்து வாங்குங்கள்.

இணைக்கும் முன்

கருவியைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்தோ, அது அங்கீகரித்த விற்பனையாளரிடமிருந்தோ மட்டுமே வாங்க வேண்டும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கக் கூடாது. 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு மோசடியில், கருவியோடு மீட்புச் சொற்கள் முன்பே அச்சிட்ட சீட்டு ஒன்றும் வந்தது. லாட்டரிச் சீட்டுப்போல் சுரண்டினால் சொற்கள் தெரியும். வாங்கியவர் அதையே பயன்படுத்தினார். விற்றவனிடம் அதன் நகல் இருந்தது. நல்ல கருவியோடு வரும் சீட்டு எப்போதும் வெறுமையாகவே இருக்கும். சொற்கள் உங்கள் கண் முன்னால் கருவியிலேயே உருவாக வேண்டும்.

தபாலில் இலவசமாக வரும் கருவியையும் நம்பக் கூடாது. லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2020-இல் கசிந்தன. சுமார் 2,72,000 பேருடைய பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அந்த ஆண்டு டிசம்பரில் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. அதைப் பயன்படுத்தி 2021-இல் சிலருக்குப் போலிக் கருவிகளே பார்சலில் வந்தன. 2025-இல் கூட, நிறுவனத்தின் சின்னம் பொறித்த கடிதங்கள் சிலருக்கு வந்தன. 'இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து உங்கள் சொற்களைப் பதியுங்கள்' என்பது அதன் சாரம். தபால்காரர் கொண்டுவந்தார் என்பதால் ஒரு கடிதம் உண்மையாகிவிடாது.

எந்தக் கம்ப்யூட்டரில் இணைப்பது? வீட்டிலுள்ள, நம் பொறுப்பிலுள்ள கம்ப்யூட்டரில். அக்ஷயா சென்டர் சான்றிதழ்களுக்கும் பில் கட்டுவதற்கும் மிக உதவியானது. ஆனால் பலர் தொடும் கம்ப்யூட்டர் இந்தக் காரியத்துக்கு ஏற்றதல்ல. ஆபீஸ் லேப்டாப்பும் வேண்டாம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருள் ஏதாவது முன்பு யாரோ போட்டுக் கொடுத்திருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

இணைக்கும் முறை

இனி படிப்படியாகப் பார்ப்போம்.

1. துணை மென்பொருளை நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்; கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். 2023 நவம்பரில் மைக்ரோசாப்டின் ஆப் கடையிலேயே லெட்ஜர் லைவ் என்பதுபோல் பெயர் வைத்த போலி மென்பொருள் இடம்பெற்று, பலர் பணத்தை இழந்தார்கள். பெரிய கடையில் இருந்தது என்பதும் சான்று ஆகாது.

2. கருவியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். சில செல்போன் கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும். தகவல் போகும் கம்பிகள் அவற்றில் இருக்காது. கருவியில் வெளிச்சம் வந்தும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான். இடையில் ஹப் எதுவும் இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள்.

3. மென்பொருள் கருவியின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும். அந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ட்ரெஸர் கருவி ஃபர்ம்வேர் எனப்படும் உள்மென்பொருள் இல்லாமலேயே கடைக்கு வருகிறது. முதல் இணைப்பில்தான் அதை ஏற்ற வேண்டும். புதிதாக வாங்கியதில் அது ஏற்கெனவே இருந்தால் நின்று யோசிக்க வேண்டும்.

4. பின் எண்ணைக் கருவியிலேயே அமையுங்கள். லெட்ஜரில் 4 முதல் 8 இலக்கம் வரை வைக்கலாம். 3 முறை தவறினால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், சொற்கள் இருந்தால் மீட்டுவிடலாம். பிறந்த ஆண்டையும் பைக் நம்பரையும் தவிருங்கள்.

5. மீட்புச் சொற்களைக் கையால் தாளில் எழுதுங்கள். அறையில் கேமரா, செல்போன் எதுவும் அந்தத் தாளை நோக்கி இருக்க வேண்டாம்.

6. இது பலர் விட்டுவிடும் படி. பணம் எதையும் போடுவதற்கு முன்பே கருவியை வேண்டுமென்றே அழித்து, எழுதிய சொற்களைக் கொண்டு திரும்ப உயிர்ப்பித்துப் பாருங்கள். புதிய பாதையில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்து ஒப்புதல் தராமல் பயணிகள் வண்டி விடுவதில்லை. சோதிக்காத சீட்டும் அப்படித்தான். ஒரு சொல்லின் எழுத்து தவறியிருந்தால் அதை இன்றே அறிவது நல்லது. கருவி பழுதான அன்று அறிவதில் பயன் இல்லை.

7. பணம் பெறும்போது 'பெறுக' என்பதை அழுத்தினால் ஒரு முகவரி வரும். பிட்காயினில் இப்போது வழக்கத்திலுள்ள ஒரு வகை முகவரி 42 எழுத்துக்கள் கொண்டது. அது கம்ப்யூட்டர் திரையிலும் கருவியின் திரையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். முகவரியை நகல் எடுத்து ஒட்டும்போது, இடையில் புகுந்து வேறு முகவரியை மாற்றி வைக்கும் வைரஸ்கள் உண்டு. முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் நம்முடையதைப் போலவே இருக்கும்படி முகவரி தயாரித்து ஏமாற்றுபவர்களும் உண்டு. எனவே நடுவில் உள்ளவற்றையும் படியுங்கள். 42 எழுத்துக்களைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

8. முதலில் சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். வந்து சேர்ந்ததும் அதில் ஒரு பகுதியைத் திரும்ப அனுப்பிப் பாருங்கள். இரண்டும் சரியான பிறகே பெரிய தொகை.

9. அனுப்பும்போது முகவரி, தொகை, கட்டணம் ஆகிய மூன்றையும் கருவியின் திரையில் படித்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

10. வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். 'உடனே அப்டேட் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்' என்று ஈமெயில் வந்தால் அதிலுள்ள தொடுப்பைத் தொடாதீர்கள். உண்மையான அப்டேட் என்றால் துணை மென்பொருளைத் திறந்ததும் அதுவே சொல்லும்.

எதைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது?

பழைய ஒற்றைப் பாதைகளில் பயணம் செய்தவர்கள் நினைவில் ஒரு காட்சி இருக்கலாம். ஓடும் வண்டியிலிருந்து கை நீட்டி, தோல்பை கோத்த வளையம் ஒன்றை எஞ்சின்காரர் வாங்கிக்கொள்வார். அந்தப் பைக்குள் டோக்கன் இருக்கும். பல இடங்களில் அது எஃகுப் பந்து. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்க முடியாது. எந்தப் பகுதிக்கு உரியது என்பது டோக்கனில் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார், போர்ட்டர் கொடுத்தார் என்பதால் மட்டும் டிரைவர் வண்டியை ஓட்டிச் செல்லக் கூடாது. சரியான பகுதிக்கு உரிய டோக்கன்தானா என்று அவரே கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாலட் கருவியின் திரைதான் அந்த டோக்கன். கம்ப்யூட்டர் திரை சொல்வது வெறும் வாய்மொழி.

இந்த வேறுபாட்டின் விலை என்ன என்பதை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றே காட்டிவிட்டது. வாசிர்எக்ஸ் 2024-இல் இந்தியாவின் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றாக இருந்தது. 2024 ஜூலை 18 அன்று அதன் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. நம் கணக்கில் ஏறக்குறைய 1,900 கோடி ரூபாய். அந்த வாலட் கவனமில்லாமல் வைக்கப்பட்டதல்ல. அதற்கு 6 கையெழுத்தாளர்கள். 5 பேர் வாசிர்எக்ஸைச் சேர்ந்தவர்கள், ஒருவர் லிமினல் என்ற காப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர். வாசிர்எக்ஸில் மூவர் ஒப்புதல் தந்து, அதன்மேல் லிமினலும் ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும். அந்த மூவரும் பயன்படுத்தியது லெட்ஜர் ஹார்டுவேர் வாலட்.

அப்படியும் எப்படிப் போயிற்று? கம்ப்யூட்டர் திரையில் காட்டப்பட்டது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று வாசிர்எக்ஸ் தன் முதல் அறிக்கையில் சொன்னது. வழக்கமான பரிவர்த்தனை போலத் தோன்றிய தாளில், வாலட்டின் முழு அதிகாரத்தையும் திருடர்களிடம் ஒப்படைக்கும் உத்தரவு இருந்தது. தன்னுடைய அமைப்பில் ஊடுருவல் எதுவும் நடக்கவில்லை என்று லிமினல் மறுத்தது. யார் பக்கம் பிழை என்ற வாதம் எப்படியிருந்தாலும், கையெழுத்திட்டவர்கள் நம்பிய திரை உண்மையைக் காட்டவில்லை என்பது நம் பாடத்துக்குப் போதும். 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டாக அறிக்கை வெளியிட்டு, இத்திருட்டு வடகொரியாவின் வேலை என்றன.

அடுத்த ஆண்டே இதைவிடப் பெரியது நடந்தது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் முதலிய நாணயங்கள் போயின. கையெழுத்து மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய கம்ப்யூட்டரில் புகுந்து, இணையப் பக்கத்தில் வரும் நிரலையே திருடர்கள் மாற்றியிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தோன்றியது. கையெழுத்திட்டார்கள். இதுவும் வடகொரியாவின் கைவரிசை என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது.

இரண்டு இடங்களிலும் ரகசியச் சாவி கருவியை விட்டு வெளியே வந்ததாகத் தெரியவில்லை. பூட்டு பூட்டாகவே இருந்தது. நீட்டிய தாளில்தான் விஷம். சிக்கலான பரிவர்த்தனைகளைக் கருவியின் சிறு திரை பல நேரங்களில் புரியாத எண்களாகவும் எழுத்துக்களாகவும் மட்டுமே காட்டுகிறது. அப்போது பொத்தானை அழுத்துவது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். ஊரில் நிலம் விற்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் பலன் தெரியும்.

நம் போன்ற குடும்பங்களுக்கு வழி எளிது. பெறுவது, அனுப்புவது ஆகிய இரண்டுக்கு மட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள். 'வாலட்டை இணைத்தால் இலவச நாணயம்', 'மாதம் இவ்வளவு வட்டி' என்று அழைக்கும் இணையதளங்களில் அதை இணைக்காதீர்கள். படிக்காமல் கையெழுத்திட அனுமதிக்கும் அமைப்பு கருவியில் இருந்தால் அதை மூடி வையுங்கள். திரையில் வருவது புரியவில்லை என்றால் மறுப்புப் பொத்தானை அழுத்துங்கள். மறுத்ததால் எந்தப் பணமும் போகாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு

எக்ஸ்சேஞ்சிலேயே விட்டு வைத்தால் என்ன என்று கேட்கலாம். வாசிர்எக்ஸ் திருட்டுக்குப் பிறகு, திருட்டுக்கு ஆளாகாத நாணயங்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடக்கப்பட்டன. எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயம் வைத்திருந்த சென்னை வாடிக்கையாளர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். கிரிப்டோ நாணயம் சட்டத்தின் கண்ணில் ஒரு சொத்தே என்று 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, அவருடைய முதலீட்டுக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். சாவி நம் கையில் இருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. ஆனால் அப்போது காவலும் நம் பொறுப்பே; வங்கி மேனேஜரிடம் போய் முறையிட வழியில்லை.

சீட்டையும் கருவியையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கருவி வீட்டில் என்றால் சீட்டு வங்கி லாக்கரில். நம் ஊரின் இடவப்பாதி மழையும் கரையானும் தாளுக்குப் பகை. மை ஊறும், தாள் பூக்கும். சொற்களைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் நம் கையாலேயே பொறித்து வைப்பது நல்லது. கடையில் கொடுத்துப் பொறித்தால் கடைக்காரரும் படித்துவிடுவார்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கருவி என்ன, எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, சீட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் நம்பகமான ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். சொற்களைச் சொல்ல வேண்டாம். இடத்தைச் சொன்னால் போதும். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், என்னவென்று தெரியாமல் அந்தச் சீட்டைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. வாங்கிய தேதி, விலை, விற்ற தேதி, விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருமான வரிக் கணக்குக்கு அது வேண்டும்.

'கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகன் சொன்னார், அந்தச் சீட்டில் உள்ளதைப் படியுங்கள்' என்று தமிழிலோ மலையாளத்திலோ அழகாகப் பேசும் தொலைபேசி அழைப்பு வரலாம். எந்தக் கம்பெனியும், எந்தப் போலீசும், எந்த வரி அதிகாரியும் அந்தச் சொற்களைக் கேட்கமாட்டார்கள். கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர் என்றே கொள்ளலாம். போனை வைத்துவிட்டு மகனையோ மகளையோ நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

சொற்களை யாராவது பார்த்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால் பின் எண்ணை மாற்றிப் பயனில்லை. உடனே புதிய சொற்களோடு வேறொரு வாலட்டை உருவாக்கி, நாணயங்களை அங்கே மாற்றிவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கிரிப்டோவில் போனது திரும்புவது அரிது. ஆயினும் திருடர் அதை ஏதாவது ஓர் எக்ஸ்சேஞ்சில் ரூபாயாகவோ டாலராகவோ மாற்ற முயலும்போது பிடிபட வாய்ப்பு உண்டு. அதற்கு நேரம் முக்கியம்.

பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்க

கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்றே நினைத்து இணைக்கவும்.
மீட்புச் சொற்கள் தாளிலும் தகட்டிலும் மட்டும். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் கூடாது.
சீட்டைச் சோதித்த பிறகே பணம் போடவும்.
முதலில் சிறு தொகை, பிறகு பெரிய தொகை.
கருவியின் திரையில் படித்த பிறகே பொத்தான்.
புரியாததற்குக் கையெழுத்து இல்லை.
வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றவும்.

இவற்றில் எதற்கும் கம்ப்யூட்டர் படிப்புத் தேவையில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் பழக்கம் போதும். அந்தப் பழக்கம் நம் வீடுகளில் இளையவர்களைவிடப் பெரியவர்களிடமே அதிகம். ஆகவே பிள்ளைகள் அடுத்த முறை கருவியை இணைக்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அவர்கள் பொத்தானை அழுத்தும் முன், "திரையில் என்ன எழுதியிருக்கிறது, வாய்விட்டுப் படி" என்று கேளுங்கள். அவர்கள் படிக்கும்போது நீங்களும் சேர்ந்து பாருங்கள்.